முன்முடியில் இருந்த இரண்டாவது தேங்காய்

2004ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 26ஆம் திகதி, கொழும்பில் நடைபெற்ற சுங்க விசாரணைக்கு நீர்கொழும்பு மறியல்சாலையிலிருந்து நீதிமன்ற அனுமதியுடன் அழைத்து வரப்பட்ட சந்தேகநபர் தமிழில் கூறியது. விசாரணை அதிகாரியின் கேள்விகளை மொழிபெயர்த்தவரும் இதை எழுதியவரும் மொழிபெயர்ப்பாளர் செல்வரத்தினம்.

எனது பெயர் சின்னத்தம்பி கிருஷ்ணராஜ். வயது 27. மதம் இந்து. தொழில் தோட்டத் தொழிலாளி. தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுவதும் மருந்து அடிப்பதும் எனது வேலை. முகவரி ஓக்வெல் தோட்டம், மேற்பிரிவு, பலாங்கொடை. மனைவி பெயர் விஜயகலா. ஒரு பெண்பிள்ளை உண்டு. இதற்கு முன் என்மீது எந்த வழக்கும் இருக்கவில்லை.

சென்ற டிசம்பர் 29ஆம் திகதி கட்டுநாயக்க விமான நிலையத்தில் நான் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். எனக்குச் சிங்களம் நன்றாகப் பேச வரும், வாசிக்கத் தெரியாது. சிங்களத்திலேயே கேளுங்கள் என்று சொன்னவன் நான்தான். எழுதியதை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டிய பின்னரே கையெழுத்து வைத்தேன். அதில் எழுதியிருப்பது நான் சொன்னதுதான். நான் சொன்னதுதான் உண்மையல்ல. அதனால் இன்று மீண்டும் சொல்கிறேன்.

2003ஆம் ஆண்டு தொடக்கத்தில் எனது மகள் பிரேமலதாவுக்கு மூளைக்காய்ச்சல் வந்து இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். பிள்ளை எழுந்தால் என்னைச் சபரிமலைக்கு அனுப்புவதாக என் மனைவி நேர்ந்துகொண்டார். பிள்ளை எழுந்தது. அதன் பின்னர் கார்த்திகை முதலாம் திகதி நான் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மாலை போட்டுக்கொண்டேன். எனக்கு மாலை போட்டவர் முத்துவீரன் குருசாமி. அவர் என் மனைவியின் தகப்பனார். எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பல வருடங்களாக மலைக்கு ஆட்களைக் கூட்டிப் போகிறவர். முதன்முறை போகிறவனைக் கன்னிசாமி என்பார்கள். அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான் கன்னிசாமி. மற்றவர்களுக்கு விமான நிலையம் பழகிய இடம். நான் அதற்கு முன் கொழும்புக்கே இரண்டு தடவைதான் வந்திருக்கிறேன்.

பயணத்துக்கான வான் வண்டி, பாஸ்போட் வேலை, டிக்கட் எல்லாவற்றுக்கும் முன்பணம் போட்டவர் தனுஷ்கோடி முதலாளி. அவருக்குப் பலாங்கொடை டவுனில் இரும்புக்கடை இருக்கிறது. அதைவிடப் பெரிய வியாபாரம் மாணிக்கக் கல். எங்கள் தோட்டத்துக்குக் கீழே ஓடையோரம் வெட்டப்படும் குழிகள் அவருடையவை என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அனுமதிப்பத்திரம் கிடையாது. வேலை நாள் குறைந்த மாதங்களில் நானும் அங்கே தண்ணீர் இறைக்கப் போயிருக்கிறேன். அந்தக் குழிகளுக்குப் பொலிஸ் வந்த ஒவ்வொரு முறையும் பிடிபட்டது இடுப்பளவு சேற்றில் நின்றவர்கள்தான். கரையில் நின்று கல்லை வாங்கியவர் ஒருநாளும் பிடிபடவில்லை.

தனுஷ்கோடி முதலாளி முன்பு பல தடவை மலைக்குப் போனவர். சென்ற ஐப்பசியில் அவருடைய அண்ணன் இறந்துவிட்டார். சாவு விழுந்த வீட்டுக்காரர் ஒரு வருடத்துக்கு மலைக்குப் போவதில்லை. அதனால் அவர் மாலை போடவில்லை.

விசாரணை அதிகாரி இருமுடி என்றால் என்ன என்று கேட்டதால் சொல்கிறேன். அது இரண்டு அறை உள்ள துணிப்பை. பின் அறையில் போகிறவனின் சொந்தச் சாமான். முன் அறை சுவாமிக்கு உரியது. அதை முன்முடி என்போம். அதில்தான் நெய்த்தேங்காய் இருக்கும். தேங்காயின் கண்ணைக் குடைந்து தண்ணீரை ஊற்றிவிட்டு, நேர்ந்துகொண்டவர் தன் கையால் அதற்குள் நெய்யை நிரப்புவார். துளையைத் தக்கையால் அடைத்து அரக்கு வைப்பது குருசாமி. கட்டிய முடியைக் கீழே வைப்பதில்லை. குருசாமிதான் தலையில் ஏற்றுவார், அவர்தான் இறக்குவார். சந்நிதானத்தில் மட்டுமே அதைப் பிரிக்க வேண்டும். இடையில் பிரித்தால் விரதம் முறிந்தது என்று அர்த்தம். போக முடியாதவர்கள் தங்கள் தேங்காயைப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவதும் உண்டு.

டிசம்பர் 28ஆம் திகதி பகல் கோயிலில் முடி கட்டினார்கள். நான் என் மகளுக்காக நெய் ஊற்றினேன். பிள்ளையின் கையையும் பிடித்துச் சேர்த்து ஊற்றினோம். அதன் பின்னர் குருசாமி இன்னொரு தேங்காயை எடுத்து என் முன்முடிக்குள் வைத்தார். அதில் ஏற்கனவே அரக்கு வைக்கப்பட்டிருந்தது. யாருடையது என்று கேட்டேன். தனுஷ்கோடி சாமி கொடுத்தது என்றார். தீட்டு வீட்டு நெய்யைச் சுவாமிக்குக் கொண்டு போகலாமா என்று நான் கேட்டேன். கேட்டது அங்கிருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது.

குருசாமி சொன்னார்: "அண்ணன் வேற வீடு, வேற அடுப்பு. பதினாறோட தீட்டு போயிருச்சு. கன்னிசாமி கேள்வி கேக்கக் கூடாது, சுமக்கணும்."

பக்கத்தில் நின்ற சசி என்பவர், "காசு போடுற சாமிக்கு ஏது சாமி தீட்டு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சசி முதலாளியின் கடையில் வேலை செய்கிறவர். அவரும் எங்களோடு மலைக்கு வருகிறவர், எங்கள் பாஸ்போட்டுகளை எல்லாம் அவர்தான் வைத்திருந்தார்.

அதன் பின்னர் குருசாமி முடியைத் தூக்கி என் தலையில் வைத்தார். "மருமகன் சாமி முடிதான் கனம். எம்மக ஊட்டையே கட்டிக் குடுத்துருக்கு போல" என்றார். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை, என் பெட்ஷீட்டை மடித்துக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரம் வான் வண்டியில் புறப்பட்டோம். எங்கள் தோட்டத்து மலையில் மார்கழிக் குளிரில் நெய் உறைந்து மெழுகு போல இருந்தது. தேங்காயை ஆட்டினாலும் உள்ளே எதுவும் அசையாது. கீழே இறங்க இறங்கச் சூடு. மறுநாள் காலையில் கட்டுநாயக்கவில் வெளியே வெயிலில் நெடுநேரம் வரிசையில் நின்றோம். நெய் உருகியிருக்க வேண்டும். அதை நான் அப்போது யோசிக்கவில்லை. அந்தத் தேங்காயைக் கொடுத்தனுப்பிய முதலாளி யோசிக்காமல் இருந்திருப்பார் என்றும் நான் நம்பவில்லை. சந்தேகம் வராத தலை ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

உள்ளே போனதும் குருசாமி எங்கள் முடிகளை ஒவ்வொன்றாக இறக்கி மெஷினில் வைத்தார். என்னுடையது போனபோது மெஷினை நிறுத்தினார்கள். ஒரு சுங்க அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "மொகத மே, ஸ்வாமி?" என்று, இது என்ன சாமி என்று கேட்டார். நெய்த்தேங்காய் என்றேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். பையைத் திறந்து காட்டச் சொன்னார். மலையில்தான் பிரிக்கலாம், இங்கே பிரிக்க முடியாது என்று சொன்னேன். அவர் பையின் மேலாகவே தேங்காயைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே ஏதோ தட்டுப்படும் சத்தம் எனக்கும் கேட்டது. உருகாத நெய்க்கட்டி என்று நினைத்தேன். மீண்டும் திறக்கச் சொன்னார். நான் முடியை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். இரண்டு பேர் என் கையைப் பிடித்தார்கள். நான் விடவில்லை. கீழே விழுந்தேன், முடி விழவில்லை.

பொருளை ஒளிப்பதற்காகத்தான் நான் இழுபறிப்பட்டேன் என்று முதல் அறிக்கையில் இருக்கிறது. உள்ளே கல் இருப்பது தெரிந்திருந்தால் நான் அப்படிச் செய்திருக்க மாட்டேன். கல் கடத்துகிறவன் சத்தம் போடாமல் கொடுத்துவிட்டு முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்வான். நான் பிடித்துக்கொண்டது என் பிள்ளைக்காக ஊற்றிய நெய்யை.

அதன் பின்னர் இரண்டு தேங்காய்களையும் உடைத்தார்கள். முதலில் உடைத்தது என்னுடையது. அதில் நெய்யைத் தவிர எதுவும் இருக்கவில்லை. அந்த நெய் மேசையில் ஓடித் தரையில் சொட்டியது. இரண்டாவது தேங்காயில் நெய்யோடு ஒன்பது நீலக்கற்கள் இருந்தன. பட்டை தீட்டிய கற்கள். எங்கள் ஓடைக் குழியில் எடுப்பது பட்டை தீட்டாத கல். ஒரு தொழிலாளி தோட்டத்து லயத்தில், ஒற்றைக் காம்பரா வீட்டில் வைத்துப் பட்டை தீட்ட முடியாது. இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, ஆனால் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கல்லைக் கண்டதும் எங்கள் ஆட்கள் எல்லோரையும் நிறுத்திவிட்டார்கள். எல்லோர் முடியையும் உடைக்க வேண்டி வரும் என்று பேசிக்கொண்டார்கள். வயதானவர் ஒருவர் அழத் தொடங்கினார். அவர் பேரனுக்காக நெய் கொண்டு போகிறவர். அப்போது சசி என் பக்கத்தில் வந்து காதோடு பேசினார்.

"இங்க பாரு சாமி. உன் கல்லுன்னு சொல்லிரு. குழியில எடுத்தேன்னு சொல்லு. மத்த சாமிங்க பயணத்தக் கெடுத்துராத. முதலாளி ஒன்ன ரெண்டு நாள்ல வெளிய எடுத்துருவாரு."

நான் குருசாமியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிச் சரணம் சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனையோ நாள் விரதம் இருந்தவர்களுடைய முடி என் ஒருவனால் உடைபடக் கூடாது என்று நினைத்தேன். கல் என்னுடையது என்று சொன்னேன். மற்ற முடிகளை மெஷினில் மறுபடியும் போட்டுப் பார்த்துவிட்டு, உடைக்காமல் அவர்களை விட்டுவிட்டார்கள். அவர்கள் விமானம் ஏறினார்கள். குருசாமியும் ஏறினார். போகும்போது என் தோளைத் தொட்டு, "சாமி பாத்துக்குவாரு" என்றார்.

அதன் பின்னர் என்னை நீதவான் முன்னிலையில் ஆஜர்படுத்தி மறியலில் வைத்தார்கள். சசி சொன்ன இரண்டு நாளில் யாரும் வரவில்லை. பின்னர் முதலாளி அனுப்பியதாகச் சொல்லி ஒரு சட்டத்தரணி வந்தார். முதல் வாக்குமூலத்தை மாற்றக் கூடாது என்றார். நான் கல்லைப் பார்த்ததே இல்லை, கொடுத்தவர் பெயரைச் சொல்லலாமா என்று கேட்டேன்.

அவர் சொன்னார்: "சட்டம் சுமந்தவனத்தான் தம்பி முதல்ல பாக்கும். குடுத்தவன் பேரு ஒன் வாயில மட்டுந்தான் இருக்கு. அது அங்கயே இருக்கட்டும். குடும்பத்த முதலாளி பாத்துக்குவாரு."

அடுத்த கிழமை, மற்றவர்களுக்கு முன்பே மலையிலிருந்து திரும்பிய சசி எங்கள் லயத்துக்கு ஒரு மூட்டை அரிசி கொண்டு போயிருக்கிறார். என் மனைவி அதை உள்ளே எடுக்கவில்லை. "தூக்கிட்டு வந்த மாதிரியே தூக்கிட்டுப் போங்கண்ணே, எங்க ஊட்டுல ஒருத்தரு தெரியாமச் சுமந்தது போதும்" என்று சொல்லி மூட்டையை அவர் தலையிலேயே ஏற்றி அனுப்பியிருக்கிறார். இதை லயத்தில் எல்லோரும் பார்த்தார்கள்.

இந்த மாதம் 19ஆம் திகதி என் மனைவி என்னைப் பார்க்க மறியலுக்கு வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார். அவர் பேசியதை அப்படியே சொல்கிறேன்.

"அப்பா மலையில இருந்து வந்துட்டாரு. அரவணைப் பிரசாத டின்னு கொண்டாந்து குடுத்தாரு. நான் தொறக்கல."

"குடுத்தா வாங்கிக்க. பிள்ளைக்குக் குடு."

"நீங்க மொதல்ல கேளுங்க. அந்தத் தேங்காய அவரு தொறந்து பாத்திருக்காரு. அரக்கு உதுந்திருந்துச்சாம், சரி பண்ணலாம்னு தக்கைய எடுத்தாராம். எடுத்தா கல்லு. டவுனுக்குப் போயி முதலாளிக்கிட்ட கேட்டிருக்காரு. கோயிலுக்குக் கூரை போட்டுத் தாரேன், வாயத் தொறக்காத சாமின்னு அவரு சொல்லியிருக்காரு. இவரு வந்து புதுசா அரக்கு வச்சு மூடிட்டாரு."

ஏன் என் முடியில் வைத்தார், தன் முடியில் வைத்திருக்கலாமே என்று கேட்டேன்.

"நானும் அதத்தான் கேட்டேன். குருசாமி முடி ஊரு முடியாம். அதுல கல்ல வைக்க மனசு வரலையாம்." என் மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டார். "என் புருசன் முடியில வைக்க மனசு வந்துச்சான்னு கேட்டேன். அதுக்கு அழுவுறாரு. அழுது என்ன செய்ய. நீங்க சொல்றீங்களா, நான் போயிச் சொல்லட்டுமா?"

நேரம் முடிந்துவிட்டது என்று காவலர் சொன்னார். அதன் பின்னர்தான் மறியல்சாலை அதிகாரியிடம் சொல்லி, மீண்டும் வாக்குமூலம் தர விரும்புகிறேன் என்று எழுதிக் கொடுக்கச் செய்தேன்.

இந்த இடத்தில் விசாரணை அதிகாரி மொழிபெயர்ப்பாளர் மூலம் எனக்கு விளக்கிச் சொன்னது: நான் முதலில் சொன்னதும் வழக்குக் கோவையில் இருக்கும், இப்போது சொல்வதும் இருக்கும். தெரியாமல் கொண்டு போனேன் என்று நான் சொல்வதை மட்டும் வைத்து விடுதலை கிடைக்காது, அதை நான் நிரூபிக்க வேண்டி வரும். கல்லின் பெறுமதியைப் போல மூன்று மடங்கு தண்டப்பணம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. பொருளை ஒளித்து வைக்க உதவியவரும் அதில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். கூலி வாங்கினாரா இல்லையா என்பது அதற்கு முக்கியமில்லை. இவையெல்லாம் எனக்கு விளங்குகிறது. மூன்று மடங்கு என்ன, ஒரு மடங்கைக் கட்டவே என் ஆயுசு போதாது என்பதும் விளங்குகிறது.

மொழிபெயர்ப்பாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னிடம் தனியாக ஒன்று கேட்டார். அதையும் எழுதும்படி நான் சொன்னதால் எழுதுகிறார்.

"தம்பி, முதலாளியின்ர பேர் மட்டும் போதாதே? கல்லுக்குச் சொந்தக்காரர் அவர்தானே. உம்மட மாமனாரை ஏன் இழுக்கிறீர்? வயசு போன மனுசன். வடிவா யோசிச்சுச் சொல்லும். இப்ப வெட்டினால் வெட்டலாம்."

"ஐயா, மாமா பேர எடுத்துட்டா முதலாளி பேரும் சேந்து போயிரும்ங்க. அவரு குடுத்தாருன்னு பாத்தது மாமா ஒருத்தருதான். அரக்கு எப்புடி ரெண்டு தடவ வந்துச்சுன்னு கேட்டா யாரு பதில் சொல்றது?"

"அது சரி. ஆனா வீட்டில குழப்பம் வரும் தம்பி. மனுசி பிறகு உம்மோட இருப்பாவோ?"

அதற்கு நான் சொன்னது இதுதான். என் மனைவி இப்போது இந்தக் கட்டடத்துக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கிறார். காலையில் என்னைக் கூட்டி வரும்போது பார்த்தேன். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, தானாகவே பஸ் ஏறி வந்திருக்கிறார். பிள்ளையையும் கொண்டு வந்திருக்கிறார். நான் சொல்லாவிட்டால் அவர் உள்ளே வந்து சொல்வார். சொல்வேன் என்றால் சொல்கிற ஆள்தான். தகப்பனின் பெயரை இப்படியொரு தாளில் எழுதுவதற்கு மகள் வாயால் சொல்ல வேண்டி வரக் கூடாது. முத்துவீரன் என்பவர் இரண்டாவது தேங்காய்க்குள் கல் இருப்பதைத் தெரிந்துகொண்டே அதை அடைத்து என் முன்முடியில் வைத்தார். அவரிடம் அதைக் கொடுத்தவர் தனுஷ்கோடி முதலாளி. தூக்கிக்கொண்டு போனவன் நான். நான் கொண்டு போகவில்லை என்று சொல்லவில்லை. என் பக்கத்தில் அவர்களும் நிற்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். இதைச் சொன்னவன் நான் என்று என் மாமனாருக்கும் தெரியப்படுத்தலாம். எனது மனைவியிடம் வாக்குமூலம் எடுக்க வேண்டாம் என்று விசாரணை அதிகாரியைக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளையோடு பஸ்ஸுக்குப் போக நேரம் ஆகிறது, அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

இதில் உள்ளதை மொழிபெயர்ப்பாளர் எனக்கு முதலிலிருந்து கடைசி வரை தமிழில் வாசித்துக் காட்டினார். நானும் எழுத்துக்கூட்டி வாசித்துப் பார்த்தேன். முத்துவீரன் என்ற பெயர் வரும் எந்த இடத்தையும் வெட்டவில்லை, வெட்டவும் வேண்டாம். யாருடைய பயமுறுத்தலுக்கோ வாக்குறுதிக்கோ இதை நான் சொல்லவில்லை. இவ்வளவும் உண்மை என்று ஏற்றுக் கையெழுத்து வைக்கிறேன்.

சி. கிருஷ்ணராஜ்

மேற்படி நபர் சொன்னவாறே எழுதினேன். வெட்டுதல், திருத்தம் எதுவும் இல்லை.
செல்வரத்தினம், மொழிபெயர்ப்பாளர்